ஒரே பேர், ரெண்டு பேர்

வீரர்கள் நினைவு நாள் கூட்டத்துக்கு வருஷா வருஷம் பேர் வாசிக்கிறவள் பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பாளர்தான். கணீரென்ற குரல், வாயும் கொஞ்சம் நீளம். இந்த வருஷம் அந்தப் பட்டியலில் அவள் தம்பியும் உண்டு. எட்டு மாசத்துக்கு முன்னால் எல்லைச் சண்டையில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

மேடைக்குப் பின்னால் நின்று தாளைப் புரட்டினாள். தம்பி பேர் இருந்தது. ஆனால் ஒரே ஒரு தடவைதான் இருந்தது. அதே பேரில், அதே இனிஷியலில், ரயில்வே கேட் பக்கத்துத் தச்சர் மகன் ஒருத்தனும் போரில் இறந்தவன். போன வருஷம் வரை அவனுக்காகத்தானே அந்தப் பேரை வாசித்தாள்!

"ரெண்டு தடவை டைப் ஆயிருந்துச்சு. நான்தான் பாத்து ஒண்ண கோடு போட்டு அடிச்சேன்" என்றார் பட்டியல் தயாரித்த கிளார்க், ஏதோ சாதித்துவிட்ட மாதிரி. அடித்தாராம்! எல்லையில் செத்தது போதாதென்று ஆபீசிலும் ஒருமுறை சாகணுமா அவன்?

"ஆள் ரெண்டு சார். ஒருத்தன் தச்சர் மகன். இன்னொருத்தன் என் கூடப் பிறந்தவன்."

பக்கத்தில் நின்ற விழா அதிகாரி வாட்சைப் பார்த்தார். "பட்டியல் போட்ட விழாப் புத்தகம் அச்சாயிடுச்சும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ஒருவாட்டி வாசிச்சா ரெண்டு பேருக்கும் சேந்த மாதிரிதானே?"

"ஒரே சாப்பாட்டை வெச்சுட்டு ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சுன்னு சொல்வீங்களா சார்?"

"வம்பு பண்ணினே, உனக்கு இதுதான் கடைசி மைக்."

"சரி சார்" என்றாள். அவ்வளவு லேசில் சரி சொல்கிற ஆளா அவள்?

பேர் வாசிக்க வாசிக்க, அந்தந்த வீட்டார் எழுந்து வந்து நினைவுத் தூணடியில் பூ வைத்தார்கள். அந்தப் பேரும் வந்தது. தச்சர் எழுந்தார். மூன்றாம் வரிசையில் அவள் அம்மாவும் எழுந்தாள். தச்சர் விறுவிறுவென்று நடப்பதைப் பார்த்துவிட்டு, என்னவோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் மேடையிலிருந்து அதைப் பார்த்தாள். தச்சர் பூ வைத்துத் திரும்பும்வரை பொறுத்தாள். பிறகு அதே பேரை, அதே இனிஷியலோடு, மறுபடி வாசித்தாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி ஓடிவந்து பல்லைக் கடித்தார். "எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்ல இது என்ன பஸ் ஸ்டாண்டா?"

அவள் மைக்கிலேயே பதில் சொன்னாள்.

"இது ரெண்டாவது தடவை இல்ல சார். ரெண்டாவது ஆள்."

தச்சர் நடுவழியிலேயே நின்றுவிட்டார். அம்மா மட்டும் பூவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் தயங்கினாள்.

"நம்ம பையனா?"

"நம்ம பையன்தாம்மா. எழுந்து வா."

தச்சர் ஒதுங்கி வழிவிட்டார். அம்மா வந்து பூவை வைத்தாள். அதற்குள் அதிகாரி மைக்குக்குக் கை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க சார், இன்னும் பதினேழு பேர் இருக்காங்க" என்றவள், அடுத்த பேரை வாசித்தாள்.