பொட்டு வைத்த உள்ளான்கள்

நாலு வருடங்களுக்கு முன் அடையாறு முகத்துவாரத்துக்கு வந்த உள்ளான்களில் கிட்டத்தட்டப் பாதிக்கு நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. சைபீரியாவிலிருந்து கிளம்பியபோது அது இல்லை. வைத்து விட்டவள் மயிலாப்பூர் ஜலஜா, அவளுக்கு உள்ளான் என்றால் பறவையா மீனா என்றே தெரியாது. ஆனால் சரஸ்வதி பூஜையன்று அவள் வீட்டில் பொட்டு வாங்காமல் தப்பிக்கும் பொருள் கிடையாது. வீணை, மிக்சி, ஸ்கூட்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாம் முடிந்து கணவர் வெங்கடரமணனின் கேமராவுக்கு வந்தபோது, இதற்கு நெற்றி எது என்று ஒரு நிமிடம் யோசித்தாள். முன்னால் பளபளவென்று வட்டமாக இருந்த இடத்தை விட்டால் வேறு எதுவும் நெற்றியாகத் தோன்றவில்லை. சந்தனத்தைத் தாராளமாகவே குழைத்து வைத்து, மேலே குங்குமமும் இட்டாள்.

இன்சூரன்ஸ் அதிகாரியாக இருந்து ரிடையரான வெங்கடரமணன் மறுநாள் விடியலில் லென்ஸைப் பார்த்து அலறினார். பூஜையிலிருந்து எடுப்பதற்கு முன் கற்பூரம் காட்ட வேண்டும் என்று ஜலஜா கத்துவதைக் காதில் வாங்காமல், வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டே முகத்துவாரத்து உடைந்த பாலத்துக்கு ஓடினார். அங்கே சேற்றில் மேய்ந்த உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் சுட்டுத் தள்ளினார், கேமராவால்தான். எடுத்த ஒவ்வொரு பறவைக்கும் படத்தில் பொட்டு இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பறவைக்கும் இருந்தது. எடுக்காத பறவைகள் வெறும் நெற்றியோடு மேய்ந்தன.

சிந்தாதிரிப்பேட்டையில் கேமரா ரிப்பேர் பார்க்கும் பீர் முஹம்மது லென்ஸைக் கழற்றி மாட்டிவிட்டு, "இன்னா சார், கண்ணாடில ஒண்ணுமே இல்ல. சும்மா தொடைச்சுக்கினே கீறேன், எதுக்குன்னே தெரியல" என்று திருப்பிக் கொடுத்தார். வெங்கடரமணனின் பறவை நோக்கர் குழுவுக்குத் தலைவரான விஜயராகவன் இது புதிய இனம் என்று அறிவித்து, அதற்குத் தன் பெயரையும் வைத்துவிட்டார். புனேயிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் இரண்டு நாள் சேற்றில் நின்று பார்த்துவிட்டு, இது விதிமுறைகளுக்கு விரோதமானது என்று சொல்லி ரயிலேறினார். பங்குனியில் பறவைகள் பொட்டோடு வடக்கே போயின. ஊர் அதை மறந்தது.

ஜலஜா வீட்டில் மறக்க முடியாதது வேறொன்று இருந்தது. அதற்கும் முந்தைய ஓர் ஐப்பசியில், அவர்களுடைய ஒரே பெண் ஷ்ரேயாவுக்கு தி.நகரில் நிச்சயதார்த்தம். பள்ளிக்கரணையில் அபூர்வமான வாத்து ஒன்று இறங்கியிருப்பதாகக் காலையில் செய்தி வர, அரை மணியில் வருகிறேன் என்று போன வெங்கடரமணன், லக்னப் பத்திரிகை வாசித்தாகி, பந்தி முடிந்து, சம்பந்தி வீட்டார் காரில் ஏறும்போது முழங்கால்வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். வாத்தும் கிடைக்கவில்லை. கல்யாணத்தன்று அப்பாவோடு ஒரு வார்த்தை பேசாத ஷ்ரேயா, பின்லாந்துக்குக் கிளம்பும்போது அம்மா நீட்டிய குங்குமச் சிமிழையும் தொடாமல் படியிறங்கிப் போனாள். அதன்பிறகு வரவில்லை. ஞாயிறுதோறும் வீடியோவில் அம்மாவோடு பேசுவாள், அப்பாவின் வழுக்கை ஓரத்தில் தெரிந்தால் சிக்னல் சரியில்லை என்பாள். குங்குமம் வாங்கிக்கொண்டு போகாதவள் எப்படித் திரும்புவாள் என்பது ஜலஜாவின் கட்சி. வெங்கடரமணன் அந்தப் பேச்சு வந்தால் லென்ஸ் துடைக்கப் போய்விடுவார். அவருக்கு அழத் தெரியாது, துடைக்கத் தெரியும்.

அடுத்த நவராத்திரியில் பொட்டு வைத்த பறவைகள் ஒன்று குறையாமல் திரும்பி வந்தன. முகத்துவாரத்துக்கு இல்லை, நேராக ஜலஜா வீட்டு மொட்டை மாடிக்கு. குங்குமம் வாங்கிக்கொண்ட வீட்டுக்கு வருவதுதானே முறை. வத்தல் காயப்போட்ட புடவையை மிதிக்காமல் ஓரமாக வரிசையில் நின்றன. ஜலஜா சுண்டல் கொண்டுபோய் வைத்தாள். கொண்டைக்கடலையை உப்புக்கொத்திகள் மட்டும் சீந்தவில்லை, அவற்றுக்குக் காராமணி. எல்லாவற்றின் நெற்றியையும் பார்த்துக்கொண்டே நின்றவள், சட்டென்று கீழே இறங்கி வந்தாள்.

"ஏன்னா, நம்ம பொண்ண ஒரு படம் எடுங்கோ."

"அவ அங்கன்னா இருக்கா? என்னப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கறா. ஒத்துப்பாளா?"

"உள்ளானக் கேட்டுண்டா எடுத்தேள்?"

அந்த ஞாயிறு ஜலஜா போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கொலுவின் லட்சணத்தைச் சொல்ல, ஷ்ரேயா வாய்விட்டுச் சிரித்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து வெங்கடரமணன், கொக்குக்குக்கூட அவ்வளவு மூச்சடக்கியதில்லை, போனில் தெரிந்த முகத்தை நோக்கி ஒரே ஒரு முறை அழுத்தினார்.

பின்லாந்தில் ஷ்ரேயாவின் நெற்றிக்கு வந்த பொட்டு சோப்புக்குப் போகவில்லை, எண்ணெய்க்குப் போகவில்லை. தோல் டாக்டர் ஒரு களிம்பு கொடுத்துவிட்டு, தனக்கும் ஒன்று வைக்க முடியுமா என்று கேட்டார். மறு வருடம் புரட்டாசி பிறந்ததும் நெற்றி தெற்குப் பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. நாற்காலியை எப்படிப் போட்டாலும் தலை தெற்கே திரும்பிக்கொண்டது. புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஷ்ரேயா மட்டும் டிக்கெட் எடுத்து, உள்ளான்கள் வந்த அதே காலையில் வந்து இறங்கினாள்.

"யாரு வெச்ச பொட்டு இது?" என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"நாந்தாம்மா" என்றார் வெங்கடரமணன். கேமராவில் அந்தப் படத்தைக் காட்டினார். "லட்சம் பறவ எடுத்திருக்கேன். ஒன்ன எடுத்தது இது ஒண்ணுதான்."

ஷ்ரேயா வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு, கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிப்பது அசிங்கமாக இருக்கிறது, வேறு எடு என்றாள்.

அவள் திரும்பும் நாளன்று, இந்தக் கடற்கரையே கண்டிராத கடற்காகம் ஒன்று உடைந்த பாலத்தில் உட்கார்ந்திருப்பதாக விஜயராகவன் போன் மேல் போன் போட்டார். வெங்கடரமணன் போனை அணைத்துவிட்டுப் பெண்ணின் பெட்டியைத் தூக்கினார். வாசலில் ஜலஜா சிமிழை நீட்ட, "அதான் போகவே மாட்டேங்கறதே, இன்னும் எதுக்கு?" என்று ஷ்ரேயா நெற்றியைக் குனிந்து காட்டினாள். அவர் விமான நிலையம்வரை போய், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மறையும்வரை நின்றார்.

அந்தக் கடற்காகத்தை அவர் எடுக்கவில்லை, பொட்டில்லாமல் போன அது திரும்பி வரவுமில்லை. ஷ்ரேயா இந்த வருடமும் உள்ளான்களோடு வந்தாள். ஜலஜா கடலையைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊறப்போட்டிருந்தாள்.