மூடிச் சத்தம்

"மூடியத் தொறந்தீங்களா?"

படுக்கையறையிலிருந்து குரல் வந்தபோது கண்ணாடி மூடி அவர் கையில்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, எதிரில் இருந்த சுவர்கூடத் தெரியவில்லை.

"இல்லியே."

"பொய். எனக்குக் கேட்டுச்சு. மணி என்ன?"

"பத்து."

"ஒம்போதுக்கு வச்சது. மூணு மணிக்கு ஆயிருக்கும். இனிமே மூணரை."

மூடியைத் திரும்ப வைத்தார். எவ்வளவு பதமாக வைத்தாலும் அது பீங்கான் விளிம்பில் பட்டு 'டிங்' என்று காட்டிக்கொடுத்தது.

மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கும் அந்த ஸ்லோ குக்கருக்கு அவர் மனைவி வைத்திருந்த பெயர் ஆமை. அது தன் போக்கில்தான் வேலை செய்யும். நடுவில் மூடியைத் திறந்தால் உள்ளே சேர்ந்த சூடெல்லாம் ஓடிவிடும், திரும்பப் பிடிக்க அரை மணி ஆகும் என்பது அவள் கணக்கு. அவரோ முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். திறந்து பார்க்காமல் உள்ளே எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் மகள் குடும்பத்தோடு வருவாள். வந்தால் சூப்தான். பதினாறு வருஷமாக அதை வைத்தவள் இரண்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறாள். இரண்டு நாளாக நனைத்த பஞ்சால் உதட்டைத் தொடுவதோடு சரி. இன்று ஞாயிறு. விடிந்ததும் அவளுக்குக் கண் தெளிவாக இருந்தது.

"இன்னிக்கு சூப் நீங்க வைங்க. நான் இங்கேர்ந்து சொல்றேன்" என்றாள். "இனிமே நீங்கதானே வைக்கணும்."

கடைசியாகச் சொன்னது தன் காதில் விழாத மாதிரி அவர் எழுந்து போய்விட்டார்.

பிறகு ஒன்பது மணிக்குக் குக்கரைப் போடும்வரை சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே பேச்சு ஓடியது.

"எலும்பு கழுவியாச்சா?"

"மூணு தண்ணி."

"பார்லி?"

"ஒரு டம்ளர். பட்டாணியும் போட்டாச்சு."

"கேரட்டுல பாதிய தோலோட சீவித் தள்ளியிருப்பீங்களே."

அவர் தோல் குவியலைக் கையால் ஓரமாக ஒதுக்கினார்.

"சுரண்டினா போதும்னு எத்தன தடவ சொல்றது? கோஸ் தண்டு எங்க?"

"அது... குப்பையில."

"எடுங்க. தண்டுலதான் ருசியே இருக்கு. கறி வாங்குற வீடா இது? எலும்பையும் தண்டையும் வச்சுத்தானே இத்தன வருஷம் அஞ்சு பேர் வயித்த ரொப்பினேன்."

குப்பைக் கூடையில் கைவிட்டு எடுத்துக் கழுவினார். "எடுத்தாச்சு."

"மாப்பிள்ளகிட்ட உளறிடாதீங்க" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"உப்பு எவ்வளவு?"

"இப்பப் போடாதீங்க. ஆனதும் ஒரு ஸ்பூன் எடுத்துட்டு வாங்க. வாயில வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அவர் கை அப்படியே நின்றது. "குடிப்பியா?"

"ஒரு ஸ்பூன்தானே. மூணு மணிக்கு."

அப்புறம் அவருக்கு வேறு வேலையே இல்லை. அந்த ஒரு ஸ்பூன் அவள் வாய்க்குள் போக வேண்டும். போய்விட்டால் நாளைக்கு இரண்டு, அதற்கடுத்த நாள் அரைக் கிண்ணம் என்று மனசு தானாகவே படியேறிக்கொண்டிருந்தது. அதனால்தான் மூடியைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

பதினொன்றரைக்கு உருளைக்கிழங்கு வெந்ததா என்று பார்த்தார்.

"நாலு மணி" என்றாள் உள்ளேயிருந்து.

ஒரு மணிக்குத் தண்ணீர் போதுமா என்று பார்த்தார்.

"நாலரை. ஆமைய முதுகத் தட்டித் தட்டி ஓட்டுறீங்க. ஓடவா போகுது?"

"கொதிக்கவே மாட்டேங்குதும்மா. ஃபியூஸ் போயிருக்குமோன்னு பார்த்தேன்."

"உங்க மூளையிலதான் போயிருக்கு."

இரண்டு மணிக்கு ஒரு காரணமும் இல்லாமல் திறந்தார். மூடி விழுந்த சத்தத்துக்கு அப்புறம் சற்று நேரம் கழித்துத்தான் குரல் வந்தது, மெல்லிசாக.

"மெக்கானிக்கு..."

"இனிமே தொட மாட்டேன்."

"அஞ்சு மணி."

அதன்பின் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தூங்கினாள். மூச்சு சீராகத்தான் இருந்தது. மூன்றே கால் இருக்கும், எழுந்து சமையலறைக்குப் போனார். மூடியைத் தூக்கினார். எலும்பிலிருந்து சதை கழன்றிருந்தது. பட்டாணி கரைந்து சூப் தடித்திருந்தது. திரும்ப வைத்தார்.

டிங்.

'இல்லியே' என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த வீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

மூடியை மறுபடி தூக்கி, கொஞ்சம் ஓங்கியே வைத்தார். கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு துண்டை எடுத்து இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், கம்பியில் போட்டார். அதற்கப்புறம்தான் உள்ளே போனார்.

டாக்டர் வந்து பார்த்து, இறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மகள் குடும்பம் நாலரைக்கே வந்துவிட்டது. மயானத்துக்கு வண்டி நாளைக் காலைதான் வரும். மகள் அம்மாவின் தலையை வாரி, போர்வையை நெஞ்சு வரை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் வெளியே வந்தாள். மாப்பிள்ளை கூடத்தில் நின்று ஒவ்வொருவருக்காக ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குப் பேத்தி, அம்மாவின் காதில் மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றாள்.

மகள் சமையலறைக்குள் போய், "சூப்பா? யாருப்பா வச்சது?" என்றாள்.

"நான்தான். அவ சொல்லச் சொல்ல."

மகள் பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுவந்தாள். நாலு கிண்ணத்தில் ஊற்றினாள்.

"நல்லாருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை.

"உப்பே இல்ல தாத்தா" என்றாள் பேத்தி.

"பாட்டி ருசி பார்த்துட்டுச் சொல்றேன்னு சொன்னா."

மகள் உப்பு டப்பாவை எடுத்துவந்து அளவாகத் தூவினாள். "போதுமாப்பா?" என்று கேட்டாள். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். போதுமா என்று தெரியவில்லை.

"எத்தன மணிக்குப்பா வச்சீங்க?"

"ஒம்போதுக்கு."

"அப்ப மூணுக்கே ஆயிருக்குமே."

"தொறந்து தொறந்து பார்த்துட்டேன்."

"அம்மா திட்டலியா?"

"திட்டினா. நாலு தடவ." ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் வைத்தார். "அஞ்சாவது தடவ திட்டல."

மாப்பிள்ளை குனிந்துகொண்டார். திறக்காமல் இருந்திருந்தால் மூணு மணிக்கே அம்மா ஒரு வாய் குடித்திருப்பாள் என்று அப்பா கணக்குப் போடுவது மகளுக்குப் புரிந்துவிட்டது.

"அரை மணியெல்லாம் ஆகாதுப்பா. அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. நீங்க சும்மா இருக்கணும்னு அம்மா அப்படிச் சொல்லிவச்சிருக்கா."

"இல்ல" என்றார் அவர். "அவ கணக்கு தப்பாது."

மகள் உப்பு டப்பாவை மூடி ஓரமாக வைத்தாள்.

பேத்தி கிண்ணத்தை வழித்து முடித்து, "இன்னும் கொஞ்சம்" என்றாள். மகள் எழுவதற்குள் அவரே எழுந்தார். ஒரு கையால் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அடியிலிருந்து கலக்கி, கோஸ் தண்டும் கிழங்குமாகப் பார்த்து எடுத்து ஊற்றினார்.

"குடுங்கப்பா, நான் வைக்கிறேன்" என்று மகள் கையை நீட்டினாள்.

அவர் தரவில்லை. பாத்திரத்தின் மேல் வைக்கவும் இல்லை. படுக்கையறைக் கதவு திறந்தே இருந்தது. மூடியின் உள்பக்கம் சேர்ந்திருந்த நீர் சொட்டுச் சொட்டாக மேசைவிரிப்பில் விழுந்துகொண்டிருந்தது.