வராத நட்டம்

துஷ்யந்திக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது. காது மடல் இரண்டும் சுடும், அவ்வளவுதான். அன்றைக்குக் கஹவத்தை டவுன் பேங்கில், கடன் பிரிவு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் காதுதான் முதலில் சுட்டது.

அவள் கேட்டு வந்தது பெரிய கடனில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஸபியா, கடைக்குப் பின்னால் கிடக்கும் அறையை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட யூனிபோம் தையல் முழுவதையும் அவளிடமே கொடுப்பாளாம். அறைக்கு முற்பணமும் இரண்டு ஜூக்கி தையல் மெசினும் இருந்தால் போதும். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில், ஒழுகும் கூரைக்குக் கீழே வெள்ளைத் துணியில் கறை விழாமல் காப்பாற்றும் பாடு அதோடு ஒழிந்துவிடும். முதல் மெசினுக்கு இதே பேங்கில் எடுத்த கடனை ஒரு மாதமும் தவறாமல் கட்டி வருபவளுக்கு, இது கிடைக்காமல் போகும் என்று யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பாள்.

"உங்க பேரு ரெண்டாம் கட்டத்துல நிக்குது. புதுக்கடன் குடுக்க ஏலாது" என்றார் கடன் அதிகாரி கஜேந்திரன். அவரும் றக்வானப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்தான். டை கட்டியிருந்தாலும் பேச்சில் தோட்டம் போகவில்லை.

"நான் கட்டாம விட்டேனாங்க சேர்?"

"இல்லீங்க. வெள்ளத்துக்குச் சலுகை குடுத்தமே, அந்த மாசங்கள்லயும் கட்டியிருக்கீங்க. ஆனா சலுகை வேணும்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்களே."

போட்டிருந்தாள். போன வருஷம் மண் சரிந்து தோட்டத்துப் பாதை மூடிப்போனது. வாரக்கணக்கில் வேலை இல்லை. முடியாதவர்கள் மூன்று மாதத் தவணையைத் தள்ளிப் போடலாம் என்று பேங்க் அறிவித்தது. தொழிற்சங்கத் தலைவர் கிருஷ்ணராஜ் எல்லாரையும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குக் கூப்பிட்டார். பாதிப் பேர் கேட்டு மற்றவர்கள் சும்மா இருந்தால், அவர்களால் முடிகிறதே, உங்களுக்கு மட்டும் என்ன என்று பேங்க்காரன் மடக்குவான் என்றார். சம்பளப் போராட்டத்திலிருந்து கோயில் திருவிழா வரைக்கும் அந்த லயத்தில் எதுவும் அப்படித்தான் நடக்கும். செய்தால் எல்லாரும், இல்லையென்றால் ஒருவருமில்லை. பக்கத்துக் காம்பரா இலட்சுமிக்குச் சமையல்கட்டே மண்ணோடு போயிருந்தது. அவளுக்காகவாவது போட வேண்டும் என்று துஷ்யந்தியும் போட்டாள். தைத்த காசு கையில் இருந்ததால் தவணையையும் வழக்கம்போலக் கட்டினாள். அதில் என்ன பிசகு இருக்கிறது என்று அவளுக்கு இப்போதும் விளங்கவில்லை.

கஜேந்திரன் பொறுமையாகச் சொன்னார். இந்த வருஷத்திலிருந்து எல்லா பேங்குக்கும் கணக்கு முறை மாறிவிட்டதாம். முன்பெல்லாம் ஒருவர் கட்டாமல் விட்ட பிறகுதான் நட்டம் என்று எழுதுவார்களாம். இப்போது கட்டாமல் போகக்கூடும் என்று தெரிந்தாலே, அதற்கென்று ஒரு தொகையை லாபத்திலிருந்து கழித்து ஒதுக்க வேண்டுமாம். நல்ல கடன் முதல் கட்டம், சந்தேகக் கடன் இரண்டாம் கட்டம். இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்குவது பல மடங்கு. லாபம் குறைந்தால் கொழும்பில் பங்குக்காரர்கள் கேள்வி கேட்பார்கள்.

"வராத நட்டத்த என் பேர்ல எழுதியிருக்கீங்க."

"உங்க ஒரு ஆள் பேர்ல இல்ல. சலுகை கேட்ட தோட்டத்து ஆளுங்க எல்லாரும் ஒரே கட்டு."

"ஒவ்வொருத்தரா பாக்கக் கூடாதுன்னு சட்டமா?"

அவர் பேனாவை மூடினார். "பாக்கலாம். அதுக்கு ஆள் வேணும், நாள் வேணும். மொத்தமா ரெண்டாம் கட்டத்துல தள்ளுறது லேசு. ஹெட் ஆபீஸ் தள்ளிருச்சு."

மேசையில் பேங்கின் ஆண்டறிக்கை கிடந்தது. பளபளக்கும் தாள். அவள் அதை இழுத்துப் புரட்டினாள். எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும், லயத்துக்கே ஒரு பிரதி வந்திருந்தது. படத்தில் மெசினுக்குப் பின்னால் உட்கார்ந்து துஷ்யந்தி சிரிக்கிறாள். கீழே, தோட்டத்துப் பெண்களைத் தூக்கிவிடும் வங்கி என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

"இது என் மூஞ்சி. கணக்குல நான் எங்க இருக்கேன், காட்டுங்க."

கடைசிப் பக்கங்களில், கணக்கு அட்டவணையின் ஒரு கட்டத்தை அவர் விரலால் தொட்டார். பெயர் இல்லாத பெரிய எண். அதற்குள் அவளும் இலட்சுமியும் லயம் முழுவதும் இருந்தார்கள்.

"இந்த மூஞ்சியக் காட்டித்தானே ஆள் சேக்குறீங்க? முன்னால சிரிக்க வச்சிட்டுப் பின்னால சந்தேகம்னு எழுதுறதுக்கு வெக்கமா இல்லீங்களா?"

அவள் குரல் அவ்வளவு உயரும் என்று அவளே நினைக்கவில்லை. வாசலில் நின்ற செக்கியூரிட்டி, "நங்கி, நங்கி" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லிக் கூப்பிட்டபடி கிட்டே வந்தான். கஜேந்திரன் கையசைத்து அவனைத் தடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தீவாளி வரைக்கும் ஒழுங்கா கட்டுங்க. வேற எந்தச் சலுகைக்கும் கையெழுத்து போடாதீங்க. முதல் கட்டத்துக்கு ஏத்தி விடுறேன். இன்னொரு தடவ போட்டா என்னால ஒண்ணும் ஏலாது."

ஸபியா அதுவரைக்கும் அறையைப் பூட்டி வைக்கச் சம்மதித்தாள். "அதுக்கு மேல ஏலாது மகள். போன் கடைக்காரன் தெனமும் வந்து கேக்குறான்."

தீபாவளிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மறுபடியும் மண் சரிந்தது, மறுபடியும் பேங்க் சலுகை தந்தது. கிருஷ்ணராஜ் கடுதாசியோடு பிரட்டுக்களத்தில் நின்றார். வழக்கம்போல வரிசை கட்டினார்கள். துஷ்யந்தியின் முறை வந்தபோது அவள் பேனாவை வாங்கவில்லை.

பேங்கில் கேட்டதையெல்லாம் சொன்னாள். முடியாதவர்கள் போடட்டும், முடிந்தவர்கள் போட்டால் நாளைக்கு அவர்களுக்கும் கடன் கிடைக்காது என்றாள். சொல்லச் சொல்ல, கஜேந்திரனின் வார்த்தைகள் தன் வாயிலிருந்து வருவது அவளுக்கே கேட்டது.

கிருஷ்ணராஜ் கடுதாசியை மடித்துக் கக்கத்தில் வைத்தார். "பேங்க் நோனா சொல்லிட்டாங்க. இனி அவங்கவங்க பொழப்ப அவங்கவங்க பாத்துக்கங்க."

சீமாட்டியைச் சொல்வதுபோல அவளை நோனா என்றதும் யாரோ சிரித்தார்கள். வரிசை கலைந்தது. போடாமல் போனவர்களில் அவள் சொன்னதை நம்பியவர்களும் இருந்தார்கள், பயந்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் இலட்சுமி மட்டும் தலைவரிடம் கடுதாசியைக் கேட்டு வாங்கி, தனியாகக் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களால் முடிகிறதே என்று பேங்க்காரன் மடக்க இனி அவள் ஒருத்திதான். துஷ்யந்தியை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் இலட்சுமி துஷ்யந்தியின் காம்பரா வாசலில் வந்து நின்றாள். அவள் மகளுடைய யூனிபோம் துணி அரைகுறையாக மெசினில் இருந்தது.

"துணியக் குடு."

"ஒரு கைதான் அக்கா பாக்கி. சாயங்காலம் தாறேன்."

"பரவால்ல. இருக்குறபடியே குடு."

நூலைக் கடித்து அறுத்து, துஷ்யந்தி துணியை நீட்டினாள். இலட்சுமி அதை மடிக்காமல் சுருட்டிக்கொண்டு படி இறங்கினாள். ஸபியாவின் அறை இனிக் கிடைத்துவிடும். காது சுட்டது. கத்த வேண்டும்போல இருந்தது. கத்த வேண்டிய ஆட்கள் கொழும்பில் இருந்தார்கள், எதிரே நடந்து போய்க்கொண்டிருந்தவள் இலட்சுமி.