துருப்பிடித்த கல்

வேப்பனப்பள்ளிக்கு மேற்கே ஒரு குன்றுக்குள் ஈயக்கல் தேடித் தோண்டிய சுரங்கம் அது. 1956, ஆடி மாதம். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன் அதன் வாய் சரிந்து மூடிக்கொண்டது. உள்ளே இருவர் மாட்டிக்கொண்டார்கள். கல் பார்த்துச் சொல்லும் யேசுராஜ். கோலாரில் பாறை உடைத்துப் பழகிய திம்மராயன்.

திம்மராயன் சரிவை அள்ளினான். ஒரு கூடை எடுத்தால் இரண்டு கூடை விழுந்தது. கார்பைடு விளக்கு மங்கியது.

"காலேஜுல இதுக்கு ஒண்ணும் சொல்லித் தரலீங்களா சார்?"

யேசுராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மனைவி மேரிராணியைப் புதைத்து நான்கு மாதம். பயம் வரவில்லை.

"சாவணும்னா நீங்க தனியா சாவுங்க. எனக்கு மூணு பொண்ணுங்க."

யேசுராஜ் எழுந்து விளக்கை வாங்கி, சுவரில் ஓடிய கல்வரிகளைப் பார்த்தபடி உள்ளே நடந்தான். பூமிக்கடியில் கொதித்த நீர் ஒரே வெடிப்பில் விட்டுச் சென்றவை அவை: வெள்ளை வெங்கச்சங்கல், அதற்குள் கரிய ஈயக்கல், பொன்போல் மின்னும், இரும்பு கலந்த மஞ்சள்கல். மூன்றும் சேர்ந்தே ஓடின. சுரங்கத்தின் கடைக்கோடியில், தலைக்கு மேல் மட்டும் மஞ்சளைக் காணோம். அங்கே செந்துரு. கல் தேன்கூடுபோல் துளைத்திருந்தது.

"மஞ்சக்கல்லு துருப்பிடிச்சிருக்கு. மழைத்தண்ணியும் காத்தும் எறங்கினாத்தான் இப்படி ஆகும். மேல தரை கிட்டத்தான் இருக்கணும்."

"அட! மட்டக்கல்லுன்னு இதைத்தானே நாலு நாளா ஒதுக்கி உட்டோம்!"

மாறி மாறிக் குத்தினார்கள். துரு கண்ணிலும் வாயிலும் கொட்டியது. விளக்கு அணைந்தபின் கைதடவிக் குத்தினார்கள். கடப்பாரை ஒருமுறை எதிலும் படாமல் போய்வந்தது. பின்னாலேயே வெயில் இறங்கியது.

யேசுராஜ் தோள்மேல் ஏறி திம்மராயன் வெளியேறினான். அவன் தலையில் சுற்றியிருந்த நீளத் துண்டு மேலிருந்து தொங்கியது.

"உடம்புல கட்டிட்டீங்களா?"

"கட்டிட்டேன்."

துண்டு வெறுமனே மேலே போனது. கன்னடத்தில் ஒரு வசை கேட்டது. பிறகு துளையில் இரண்டு கால்கள் தெரிந்தன.

"என்ன பண்றீங்க அண்ணே?"

"நீங்க வரலீன்னா நான் எறங்குறேன். அவ்வளவுதான்."

கால்கள் இன்னும் ஒரு சாண் இறங்கின. துளையின் விளிம்பு பொடிந்து கொட்டியது. அவன் இறங்கினால் துளையே மூடிக்கொள்ளும்.

"இருங்க," என்றான் யேசுராஜ். "துண்டைப் போடுங்க."

இந்தமுறை அக்குளுக்கடியில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டான்.