வேதசிரோமணி வீட்டு வைரஸ்

வேதசிரோமணி வீட்டுக் கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றுவிட்டது. திரையில் பாதி திறந்த பக்கம். அதன் நடுவே அம்புக்குறி, போட்டோகிராபர் 'அசையாதீங்க' என்று சொன்ன மாப்பிள்ளையைப் போல விறைத்து நின்றது. வேதசிரோமணி மவுஸை உலுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கடைசியில் சுவிட்சை அணைத்தார்.

"ஜெயா, மறுபடி ஹேங் ஆயிடுச்சு. சந்தேகமே இல்ல, வைரஸ்தான்."

அவர் தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய அந்தக் காலனியில் யார் வீட்டு வைஃபை படுத்துக்கொண்டாலும் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் சரிசெய்து கொடுத்ததாக யாரும் சொன்னதில்லை, ஆனால் விளக்குவார். அவர் விளக்கி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு வைஃபை தானாகவே வந்துவிடும். மீதிப் பேர் கடைக்குப் போய்விடுவார்கள். "கம்ப்யூட்டர் ஒரு ரூம் முழுக்க இருந்த காலத்திலேயே நான் பார்த்திருக்கேன்" என்பார். பார்த்தது உண்மைதான். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

வைரஸ் என்று முடிவாகிவிட்டால், அதைக் கொண்டுவந்த ஆளும் வேண்டும் அல்லவா? ஆள் எதிர்வீட்டிலேயே இருந்தாள்.

ஆஃபியா எம்.எஸ்சி. கணக்கு, பி.எட். கணவன் மொஹ்சினுக்குப் பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறை. வேதசிரோமணியின் மனைவி ஜெயசீலி வேலை பார்க்கும் சபைப் பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் ஒன்று காலியானது. "நம்ம ஆஃபியாவ விட யாரு இருக்கா?" என்று ஜெயசீலிதான் தாளாளரிடம் போய்ச் சொன்னாள். டெமோ கிளாஸ் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்குப் படங்களோடு பாடம் தயாரிக்க ஆஃபியாவிடம் கைபேசி மட்டும்தான் இருந்தது. ஆகவே மத்தியான நேரங்களில் ஒரு பென்டிரைவை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு வந்து உட்காருவாள்.

"ஆஃபியா, இந்த பென்டிரைவ் எங்கெல்லாம் போய்ட்டு வருது?" என்று ஒருநாள் கேட்டார் வேதசிரோமணி.

"ஜெராக்ஸ் கடைக்கு மட்டும்தான் அங்கிள்."

"அதான். பப்ளிக் டாய்லெட் மாதிரிம்மா அது."

அவள் முகம் சிவந்துபோனது. மறுநாளிலிருந்து வரவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, தாளாளர் சின்னப்பன் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், உங்க எதிர்வீட்டுப் பொண்ணு எப்படி? ஜெயசீலி டீச்சர் ரொம்ப உசத்தியா சொல்றாங்க."

தாளாளரே தன்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார். வெறுமனே 'நல்ல பொண்ணு' என்று சொல்வதற்கு ஒரு பொறியாளர் எதற்கு? வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல பொண்ணுதான் சார். ஆனா சிஸ்டம் டிசிப்ளின் கொஞ்சம் கம்மி. எங்க வீட்டு கம்ப்யூட்டரையே படுக்க வெச்சிட்டா."

சின்னப்பன் தலையாட்டிக்கொண்டார். சிஸ்டம் டிசிப்ளின் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. சொன்னவருக்கும் தெரியாது. ஆனால் அது இல்லாதவளை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது மட்டும் இருவருக்கும் விளங்கிவிட்டது.

ஆஃபியா வருவதை நிறுத்திய பிறகும் கம்ப்யூட்டர் நிற்பதை நிறுத்தவில்லை. "வைரஸ் இறங்க நாளாகும்" என்றார் வேதசிரோமணி, டைபாய்டு பார்த்த டாக்டரைப் போல. ஒரு ஆன்ட்டி வைரஸ் போட்டார். அதைக் கண்காணிக்க இன்னொன்று போட்டார். இரண்டும் ஒன்றையொன்று சந்தேகித்ததில் இயந்திரம் முன்னைவிடச் சீக்கிரமாக நின்றது.

ஒரு காலை, ஜெயசீலி பள்ளிக்குப் போன பிறகு, வயரைப் பிடுங்குவதற்காக மேஜைக்கடியில் குனிந்தார். கை சிபியு பெட்டியில் பட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டார். இட்லிக் குண்டானைத் தொட்டது போல இருந்தது.

பெட்டி ஒரு உறைக்குள் இருந்தது. போன வருடம் ஜன்னல்களுக்கெல்லாம் கொசுவலை அடித்தபோது துணி மிச்சமானது. முந்தைய கம்ப்யூட்டருக்குள் ஒரு பல்லி புகுந்து செத்துப்போயிருந்ததை அவர் மறக்கவில்லை. ஆகவே டெய்லரிடம் அளவு கொடுத்து, வலையை இரட்டையாக மடித்துத் தைக்கச் சொல்லி, பெட்டியைத் தலை முதல் கால் வரை மூடி, ஓரங்களை வெல்க்ரோ போட்டு இறுக்கியிருந்தார். வீட்டுக்கு வந்தவர்களிடம் அதைக் காட்டி, 'ப்ரொடெக்டிவ் என்க்ளோஷர்' என்பார். பிறகு தெருவில் பைப் பதிக்கத் தோண்டினார்கள். அந்தப் புழுதி மொத்தமும் வலையில் வந்து படிந்து, அது வலையாக இல்லாமல் கம்பளியாகியிருந்தது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திய எதுவும் நிற்கத்தான் செய்யும்.

வெல்க்ரோவைப் பர்ரென்று பிரித்தார். உள்ளிருந்து ஒரு சூட்டு மூச்சு முகத்தில் அடித்தது.

உறை இல்லாத கம்ப்யூட்டர் மத்தியானம் வரை ஓடியது. மத்தியானத்துக்குப் பிறகும் ஓடியது. வேதசிரோமணி அதன் முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. 'ஒரே ஒரு தடவை ஹேங் ஆயிடேன்' என்று அதை மனதுக்குள் கெஞ்சினார். அந்த மூட இயந்திரம் கேட்கவில்லை. அம்புக்குறி, எந்தப் பாவமும் செய்யாத குழந்தையைப் போலத் திரை முழுக்க ஓடி விளையாடியது.

உறையைச் சுருட்டி மாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செருகினார். இறங்கும்போது, எதிர்வீட்டு ஜன்னலில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. யாராவது பார்த்திருக்கலாமே என்றும் இருந்தது.

சாயங்காலம் ஜெயசீலி உட்கார்ந்து ஒரு வினாத்தாள் முழுவதையும் தடங்கலில்லாமல் அடித்து முடித்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் போலங்க. அந்தப் பொண்ணு வர்றத நிறுத்தின கொஞ்ச நாள்லயே சரியாயிடுச்சு."

"ம்" என்றார் வேதசிரோமணி. பொய் சொல்லவில்லை என்று பிற்பாடு சாதிக்கவும் முடியும், உண்மையையும் சொல்லாமல் தப்பலாம். இவ்வளவு வசதியான ஓர் எழுத்து வேறில்லை.

"ஆனா பாவம்ங்க அவ. சின்னப்பன் சார் இன்னிக்கு என்னைக் கூப்பிட்டு, வேற ஒருத்தங்கள நாளைக்கு டெமோவுக்கு வரச் சொல்லிட்டேன்றார். ஏன் சார்னு கேட்டா மழுப்புறார். யாரோ அவளப் பத்தி என்னமோ சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"யாருக்குத் தெரியும்? நாக்குல நரம்பில்லாத ஜென்மம் எதுவோ."

அந்த ஜென்மம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஆஃபியா வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"அங்கிள், சாரி சொல்லலாம்னு வந்தேன். என்னாலதான உங்க சிஸ்டம் கெட்டுப்போச்சு? அந்த பென்டிரைவ உடைச்சுத் தூக்கிப் போட்டுட்டேன். ரிப்பேர் செலவு ஏதாவது ஆகியிருந்தா சொல்லுங்க அங்கிள், அவர்கிட்ட சொல்றேன்."

சொல்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்த மனிதனுக்கும் வாய்க்காது. வேதசிரோமணி வாயைத் திறந்தார். வாயில் பல வருடப் பழக்கம் உட்கார்ந்திருந்தது.

"பரவாயில்லம்மா. தெரியாம நடக்கிறதுதான். இனிமே ஜாக்கிரதையா இருந்துக்கோ."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மன்னித்துவிட்டார்! தான் செய்த தப்புக்கு, செய்யாதவளை, வாசலில் நிற்கவைத்து மன்னித்துவிட்டார். ராத்திரி ஜெயசீலி தோசை ஊற்றினாள். ஒன்றைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"சூடா இருக்கு."

"தோசை சூடாத்தான் இருக்கும்."

மறுநாள் ஜெயசீலி கிளம்பியதும் பின்னாலேயே அவரும் பள்ளிக்குப் போனார். சின்னப்பன் தாளாளர் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வேதசிரோமணி வழியெல்லாம் வாக்கியம் தயாரித்து வைத்திருந்தார்.

"சார், எதிர்வீட்டுப் பொண்ணு விஷயமா ஒரு சின்ன திருத்தம். எங்க சிஸ்டத்துல ஏற்பட்டது வைரஸ் இல்ல. அது ஒரு தெர்மல் மேனேஜ்மென்ட் இஷ்யூ."

"அப்படின்னா?"

"காற்றோட்டம் சம்பந்தப்பட்ட ஒரு அமைப்புக் கோளாறு."

"அதுக்கும் அந்தப் பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்ல."

"அப்ப யாரு சார் கோளாறு பண்ணினது?"

"கோளாறு... உருவாகியிருக்கு."

சின்னப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். "சார், நான் பிஸிக்ஸ் படிக்கல. தமிழ்ல சொல்லுங்க."

தயாரித்த வாக்கியங்கள் தீர்ந்துவிட்டன.

"நான்தான் சார். கொசுவலையில உறை தெச்சு கம்ப்யூட்டருக்குப் போட்டேன். காத்துப் போகாம சூடாகி நின்னிருக்கு. அந்தப் பொண்ணு ஒண்ணுமே பண்ணல. பண்ணினதா உங்ககிட்ட சொன்னதும் நான்தான்."

சின்னப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"எங்க கம்ப்யூட்டர் லேபுக்கும் அப்படிப் போடணும்னு சபைக் கமிட்டியில எழுந்து பேசினீங்களே சார்."

"போட்டுட்டீங்களா?"

"டெய்லர் வரல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு கேண்டிடேட் இன்னிக்கு மத்தியானம் வர்றாங்க. வர வேணாம்னு என்னால சொல்ல முடியாது. உங்க எதிர்வீட்டுப் பொண்ணும் வரட்டும். ரெண்டு பேரையும் பார்க்கிறேன். பாடத்த முன்கூட்டியே ஆபீஸுக்கு மெயில்ல அனுப்பச் சொல்லுங்க. திடீர்னு எதுக்குக் கூப்பிடுறோம்னு கேட்பாங்க இல்ல? அத நீங்களே சொல்லிடுங்க."

ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நடந்தே திரும்பினார். எதிர்வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்த ஆஃபியாவிடம், இந்தத் தடவை ஒரு ஆங்கில வார்த்தைகூட இல்லாமல், எல்லாவற்றையும் சொன்னார். உறை, சூடு, தாளாளரிடம் சொன்னது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நேத்து நான் வந்து சாரி சொன்னப்ப உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

இதற்கான பதிலை அவர் தயாரித்து வைத்திருக்கவில்லை.

"தெரியும்மா."

உள்ளே போய்த் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வந்தாள். வீட்டைப் பூட்டினாள். தெருவைத் தாண்டி அவர் வீட்டுக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அதிலேயே பாதியில் விட்டிருந்த முக்கோணப் பாடத்தைத் திறந்தாள். வேதசிரோமணி பின்னால் போய் நின்றார்.

"அங்கிள், கொஞ்சம் வெளியே இருக்கீங்களா? நீங்க நின்னா எனக்கு ஓடாது."

வெளியே வந்து மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரைச் சொந்த வீட்டை விட்டு வெளியே உட்காரவைக்க ஒரு முக்கோணத்தின் பரப்பளவு போதுமாயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மொஹ்சின் பைக்கில் வந்து நின்றான். போன் பண்ணியிருப்பாள் போலிருக்கிறது.

"இன்னா அங்கிள், வெளியே குந்திகினு கீறீங்க? பேஜார் ஆன மாதிரி கீதே மூஞ்சி? ஆஃபியா இன்னாமோ டெமோன்னா, ஒண்ணும் புரியல."

"உக்காருப்பா, சொல்றேன்" என்று, மூன்றாவது ஆளிடம், முதலிலிருந்து ஆரம்பித்தார். மொஹ்சின் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"அதுக்காவா அங்கிள் அவ அன்னிக்கு அழுதுகினு இருந்தா? நான் வேற, உன்னாலதான் பெரியவர் வூட்டு மிஷினு பூடுச்சுன்னு அவளத் திட்டிட்டேன்."

வேதசிரோமணி கீழே பார்த்தார். இவர் போட்ட கணக்கில் இன்னொரு வீட்டின் சண்டையும் சேர்ந்திருந்தது. அதைச் சொல்லித் திருத்த எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியவில்லை.

ஆஃபியா வெளியே வந்து பைக்கில் ஏறிக்கொண்டாள். "அங்கிள், ஸ்கூலுக்கு மெயில் போயிட்டிருக்கு. வீடியோ இருக்கிறதால லேட்டாகும். நான் போறதுக்குள்ள போயிடும். நீங்க எதையும் தொடாதீங்க."

"தொடலம்மா."

"சரி பண்றேன்னும் தொடாதீங்க."

பைக் முனை திரும்பியது. வேதசிரோமணி உள்ளே போனார். திரையின் ஓரத்தில் ஒரு நீலக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டிருந்தது. நடுவில் ஒரு கணம் நின்றது. அவர் மூச்சும் நின்றது. கோடு மறுபடி நகர்ந்தது. அறையிலிருந்த ஒரே மேஜை விசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, சட்டை முதுகில் ஒட்ட, வியர்வையில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.