சண்டைப் பொருத்தச் சால்வை

பிறந்த நாளுக்கென்று தனியாக ஒரு சால்வை என்பது லஸ்மினியின் யோசனை. ஜாவாவில் ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் சந்தை வாரம் ஒன்றும் கூடவே ஓடுகிறது. இரண்டையும் சேர்த்தால் முப்பத்தைந்து விதப் பிறந்த நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவத்தை மெழுகால் வரைந்து சாயம் ஏற்றிக் கொடுத்தாள். கிளாத்தென் ஊருக்குப் பக்கத்திலிருந்த அவளுடைய சந்துக்குள் நகரத்துக் கார்கள் வரத் தொடங்கின. எதிர்வீட்டுப் பெண்கள் தையலுக்கு உட்கார்ந்தார்கள். மூலைவீட்டுக்காரி சாப்பாட்டுக் கடை போட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜகார்த்தாவிலிருந்து ஹர்த்தாத்தி அம்மாள் தன் மகள் ராத்ரியையும் மாப்பிள்ளையாகப் போகிற காலியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு ஜோடிச் சால்வை வேண்டுமாம். லஸ்மினிக்கு வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு கிழமைக்கும் சந்தை நாளுக்கும் ஓர் எண் உண்டு; இருவருடையதையும் கூட்டினால் கல்யாணப் பொருத்தம் தெரியும். அதைச் சத்தமாகவே கூட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு புதன்-போன், பதினாலு. மாப்பிள்ளை வெள்ளி-வாகே, பத்து. ஆக இருபத்திநாலு..."

ஹர்த்தாத்தி முன்னால் சாய்ந்தாள்.

"என்ன இழுக்கிற? சொல்லும்மா."

"ஒண்ணுமில்லம்மா... பாதுன்னு வருது."

"பாதுன்னா ஆயுசு பூரா சண்டை. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ராத்ரி, எந்திரி. இந்தக் கல்யாணம் வேணாம்."

"அம்மா! ஊரு பூரா பத்திரிகை குடுத்தாச்சு!"

லஸ்மினி வாசலை மறித்து நின்றாள். கல்யாணத்தைக் கலைத்த சந்து என்று பெயர் வந்தால் யார் இங்கே எட்டிப் பார்ப்பார்கள்? அந்த நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்து அவள் புருஷன் சுகீத்தோ கத்தினான்.

"ஏய், அடுப்பை யாரு இவ்ளோ ஏத்தி வெச்சது? மெழுகு பொகையுது!"

"நீங்கதான் ஏத்துனீங்க!"

"நான் தொடவே இல்ல!"

"அப்ப பேய் வந்து ஏத்திட்டுப் போச்சா?"

விருந்தாளிகள் மூவரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். லஸ்மினிக்குப் பொறி தட்டியது.

"எங்க ரெண்டு பேருக்கும் கூட்டுனா முப்பத்திமூணும்மா. அதுவும் பாதுதான். இருபத்திரெண்டு வருஷமாச்சு. பாதுவுல சண்டை உண்டு, பிரிவு கெடையாது. பாதியைக் கேட்டுட்டே எல்லாரும் ஓடிடறாங்க."

காலி மெல்லச் சொன்னான்: "அத்தை, நேத்து மட்டும் நாங்க மூணு தடவ சண்டை போட்டோம்."

"நாலு," என்றாள் ராத்ரி.

ஹர்த்தாத்தி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி உட்கார்ந்தாள். "எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ராஜா-ராணிப் பொருத்தம்னு வந்துச்சு. முப்பது வருஷமா ராஜா வாயே தொறக்கல. இவங்களாவது பேசிக்கட்டும்."

ஒரு ஜோடி கேட்க வந்தவள், நெருங்கிய சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து நாற்பது சால்வை சொல்லிவிட்டுப் போனாள். வடிவம், எதிரெதிரே நிற்கும் இரண்டு சேவல். இரண்டும் முறைக்கட்டும் என்றான் சுகீத்தோ. ஒன்றாவது சிரிக்க வேண்டும் என்றாள் லஸ்மினி. சேவல் எப்படிச் சிரிக்கும் என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. கடைசியில் அவள் வரைந்தபடியேதான் துணி சாயத்துக்குப் போனது.

கல்யாணத்துக்கு இருவரையும் அழைத்திருந்தார்கள். பந்தல் முழுக்கச் சேவல்கள் தோளில் தொங்கின. மேடையில் யார் எந்தப் பக்கம் நிற்பது என்று பொண்ணும் மாப்பிள்ளையும் கிசுகிசுவென்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். லஸ்மினி சாப்பிட்டுக் கை கழுவக்கூட விடாமல் பெண்வீட்டு அத்தைமார் மூவர் சூழ்ந்துகொண்டு, தங்கள் கிழமையையும் புருஷன்மார் கிழமையையும் ஒப்பித்தார்கள்.

மறுநாளே லஸ்மினி அடுத்த சந்திலிருந்து வரைவதற்கு இன்னும் நாலு பேரைச் சேர்த்தாள்.