பத்துக்குப் பத்து

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மனிதர்கள் சொல்வதைவிடக் கருவியின் முள் சொல்வதில்தான் நம்பிக்கை அதிகம். மூன்றாவது மாடி தாண்டும்போது பெட்டி நடுங்குகிறது என்று கட்டடமே திரண்டு வந்து சத்தியம் செய்தாலும், தன் கருவியை வைத்துப் பார்க்காமல் ஒரு திருகாணியைத் தொடமாட்டார். அப்படிப்பட்டவரை அவருடைய ஏழு வயது மகள் ஒரே ஒரு எண்ணை வைத்து இரண்டு மாதமாக ஆட்டிப்படைத்தாள். ஆட்டிப்படைக்கிறோம் என்று அவளுக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். காரணம் கேட்கவே வேண்டாம், ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தால் தானே விளங்கிவிடும். கைக்குழந்தையிலிருந்தே அவளுக்குத் தோலில் கரப்பான் நோய். முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும் சிவந்து தடித்துப்போய், சொறிந்து சொறிந்து போர்வையெல்லாம் ரத்தப் பொட்டு. சனிக்கிழமைகளில் வகுப்புப் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் தொபுக்கடீர் என்று குதிக்க, இவள் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து அத்தனை துண்டுகளுக்கும் காவல் இருப்பாள். அந்தக் குளத்தில் இறங்கவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அவளை இறக்கிவிட்டுப் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர அவள் அப்பாவுக்கும் வேறு ஆசை இல்லை.

புதிதாகப் பார்த்த தோல் டாக்டரம்மாவை மெக்கானிக்குக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. அந்த அம்மாவும் கருவி வைத்துப் பார்க்கிற ஜாதி. பேனா மாதிரி ஒன்றைத் தோலில் அழுத்தினால், தோல் எவ்வளவு ஈரத்தை வெளியே விடுகிறது என்று திரையில் கோடு ஓடியது. சிவப்பு எவ்வளவு என்பதை ஒரு கேமரா சொன்னது.

"ஆனா அரிப்பை அளக்க என்கிட்ட மெஷின் இல்லை," என்றார் டாக்டரம்மா. "அதை அவதான் சொல்லணும். தினமும் கேளுங்க. அரிப்பே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. கேட்டுட்டு எனக்குப் போன்ல அனுப்பிடுங்க."

எண் இரண்டுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் குளத்துக்குப் போகலாம். இறங்காவிட்டால் கடுமையான மாத்திரை, அதோடு அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்றும் சொன்னார். இத்தனை பேச்சும் நடந்தபோது வாலு எடைபார்க்கும் மெஷின்மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். ஒரு வார்த்தையும் அவள் காதில் விழவில்லை.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அவர் பாடு ஆரம்பம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் களிம்பைப் பூசி, மேலே நனைத்த பருத்தித் துணியைச் சுற்றவேண்டும். களிம்பு பூசிய பிள்ளை மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். அம்மாக்காரி பள்ளிக்கூட டீச்சர். சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டே, ஓடுகிறவளை ஒரு கையால் பிடித்துத் திருப்பி அனுப்புவாள். எல்லாம் முடிந்ததும் அவர் கேட்பார்: அரிப்பு எவ்வளவு இருக்கு, பத்துக்குச் சொல்லு. வாலு யோசித்து, ஆறு என்பாள்.

களைத்து வருகிற மனுஷன் எத்தனை நாளைக்கு முழு வாக்கியம் பேசுவார்? ஒரு வாரத்திலேயே கேள்வி சுருங்கிப்போயிற்று. "இன்னைக்குப் பத்துக்கு எத்தனை?" அவ்வளவுதான்.

எண் ஏழானது. பிறகு எட்டு. பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று அவர் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒன்பது என்றபோது வாரி அணைத்து முத்தம் கொடுத்தார். பத்து என்றபோது கண்ணே கலங்கிவிட்டது. வாலு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு உச்சி குளிர்ந்துபோனாள். அவள் இப்போதெல்லாம் சொறிகிற மாதிரியே தெரியவில்லையே என்று டீச்சர் ஒருநாள் சொன்னாள். உனக்கென்ன தெரியும், பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறது என்று அவர் எரிந்து விழுந்தார்.

பரிசோதனைக்குப் போன அன்று மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா பேனாவை இந்த மடிப்பில் வைத்தார், அந்த மடிப்பில் வைத்தார், திரையைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார். ஈரத்தின் கோடும் சிவப்பின் கோடும் படி இறங்குவதுபோல் அழகாக இறங்கியிருந்தன. அரிப்பின் கோடு மட்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியிருந்தது.

"தோல் நல்லா ஆறிட்டு வருது. அரிப்பு மட்டும் ஏறுது," என்று அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்படியே விட முடியாது. மாத்திரையை ஆரம்பிச்சிடலாமா?"

மெக்கானிக் நாற்காலியின் நுனிக்கு வந்தார். வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "மெஷின்தான் எங்கேயோ தப்பா காட்டுது டாக்டர். என் பொண்ணு பொய் சொல்லமாட்டா."

டாக்டரம்மா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, நாற்காலியை நகர்த்தி வாலுவின் எதிரே உட்கார்ந்தார். "நேத்துப் பத்துன்னு சொன்னியாமே கண்ணு. எந்த இடத்துல அவ்வளவு அரிச்சுது?"

"எங்கேயும் அரிக்கலையே."

"அப்புறம் எதுக்குப் பத்து?"

இவ்வளவு பெரிய டாக்டருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பரிதாபத்தோடு வாலு விளக்கினாள். "களிம்பு பூசறப்போ ஆடாம நின்னேன். துணியை அவுக்கல. சொறியவே இல்ல. அதுக்குப் பத்து. முதல்ல சொறிஞ்சப்போ நானே குறைச்சு ஆறுதான் போட்டுக்கிட்டேன்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியதை மறைக்க முடியவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சுருங்கிப்போன கேள்வியை மனதுக்குள் ஒருமுறை கேட்டுப்பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு நிற்கவில்லை, பக்கத்து அறை நர்ஸ் எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

அரிக்கவே இல்லை என்றால் பூஜ்யம் என்றுதான் சொல்லவேண்டும் என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். வாலு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். இவ்வளவு கஷ்டப்பட்டுவிட்டு முட்டை வாங்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். டீச்சர்தான் குனிந்து அவள் காதோடு, "இந்தப் பரீட்சையில முட்டைதான்டி முதல் மார்க். முட்டை வாங்கினாத்தான் குளம்," என்றாள்.

வாலு அம்மாவை நம்பலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, "அப்போ கைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு, ரெண்டு முட்டையாப் போட்டுக்குங்க," என்றாள்.

மாத்திரைப் பேச்சு அதோடு போயிற்று. குளத்திலிருந்து ஏறி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் களிம்பு பூசினால் போதும், தாராளமாகப் போகட்டும் என்றார் டாக்டரம்மா.

சனிக்கிழமை மெக்கானிக் தோளில் துண்டும் கையில் களிம்பு டப்பாவுமாகக் குளத்தின் ஓரத்தில் நின்றார். வாலு ஓடிவந்து குதித்தாள். ஆழமில்லாத பக்கம்தான், ஆனாலும் அவருக்கு மூச்சு நின்று வந்தது. இரண்டு முறை முங்கி எழுந்து கரையேறியவளின் கையை அவர் பாய்ந்து பிடித்தார். முழங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, மடிப்பை விரித்து, சிவப்பு உண்டா, தடிப்பு உண்டா என்று உற்றுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மற்றக் கையைப் பிடித்தார்.

"கையையே பாக்காதீங்கப்பா," என்றாள் வாலு. "என்னைப் பாருங்க."

அவர் தலையை நிமிர்த்தினார். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, அவள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசையில் நட்டநடுவே ஒரு பல்லைக் காணோம். எத்தனை நாளாக அது இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை.

"பல்லு எப்படா விழுந்துச்சு?"

"அது போன வாரமே விழுந்துடுச்சே," என்று சொல்லிவிட்டு அவள் கையை உருவிக்கொண்டு மறுபடியும் குதித்தாள். மெக்கானிக் களிம்பு டப்பாவைத் தரையில் வைத்தார். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அவள் எந்தப் பக்கம் தலையை நீட்டினாலும் அந்தப் பக்கமே திரும்பித் திரும்பி, குளம் மூடுகிற வரைக்கும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.